ஒரு மூலம், பல வெளியீடு: கடல் கையேட்டுக்குக் குறியிட்ட அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. சின்னமுட்டம் துறைமுகத்து விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கத்து விசைப்படகுகளுக்கு மேற்குக் கடற்கரைக் கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை மொத்தமே சுமார் 72 கிலோமீட்டர் கரைதான். அதற்குள் ஒரு முனையில் வலையைச் செப்பனிட்டுப் படகைக் கடலுக்கு அனுப்பத் தயாராகும்போது, மறுமுனையில் அப்போதுதான் படகைக் கட்டிப்போட்டிருப்பார்கள். ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு தடையும் சேர்ந்தே நடக்கும். நாட்டுப்படகுகளுக்கு இந்தத் தடை கிடையாது.

இந்த ஒரு செய்தியை அச்சுப் புத்தகம், சுவர் நாட்காட்டி, மீன் இறங்குதளத்தில் ஒட்டும் அறிவிப்பு, இணையப் பக்கம், குறுஞ்செய்தி, கோவில் ஒலிபெருக்கி என்று ஆறு வழியில் சொல்ல வேண்டும். வழக்கமாக நடப்பது என்னவென்றால், ஆறு கோப்புகளைத் திறந்து ஆறு முறை தட்டச்சு செய்வார்கள். முதல் ஆண்டு சரியாகத்தான் இருக்கும். சிக்கல் வருவது ஏதாவது ஒன்று மாறும்போது. 2017-இல் தடைக்காலம் 45 நாளிலிருந்து 61 நாளாக நீண்டது. அதற்குப் பிறகும் கிழக்குக் கரைக்கு மே 29 என்ற பழைய முடிவுத் தேதியோடு தொங்கிய அட்டைகளைப் பார்த்திருக்கிறேன். அச்சடித்தவருக்குத் தேதி மாறியது தெரியாமல் இல்லை. எந்தெந்த இடத்தில் அந்தத் தேதி இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

நான் நாகர்கோவிலில் பக்க வடிவமைப்பு வேலை செய்கிறவன். அதற்கு முன் சில ஆண்டுகள் திருவனந்தபுரத்தில், ஆங்கில ஆய்விதழ்களை எக்ஸ்எம்எல் (எழுத்தின் எந்தப் பகுதி என்ன என்று குறி போட்டு வைக்கும் முறை) கோப்பாக மாற்றித் தரும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தேன். காலை ரயிலில் போய் இரவு ரயிலில் திரும்பும் கூட்டத்தில் ஒருவன். அங்கே எங்களுக்கு ஜாட்ஸ் என்ற குறித்தொகுதிதான் சாப்பாடு. 2012-இல் அமெரிக்கத் தரமாக அறிவிக்கப்பட்டது அது. ஒரு கட்டுரையில் ஆசிரியரின் குடும்பப் பெயர் எது, இட்ட பெயர் எது, மேற்கோள் காட்டிய இதழின் தொகுதி எண் எது, ஆண்டு எது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் குறி போடுவோம். அந்த ஒரே கோப்பிலிருந்து அச்சுப் பக்கமும் இணையப் பக்கமும் தேடல் தரவுத்தளத்துக்கான பதிவும் பிறக்கும். பெரிய பதிப்பகங்களுக்கு மட்டும் உரிய ஆடம்பரம் இது என்று அங்கிருந்த பலர் நினைத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடலோர அமைப்பு ஒன்று கடல் பாதுகாப்புக் கையேடு செய்து தரக் கேட்டபோது அந்தப் பழக்கத்தையே இங்கும் கொண்டுவந்தேன்.

சிவப்பு என்று எழுதாதே

அடிப்படை யோசனை எளியது. எழுத்து எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லாமல், அது என்ன என்று சொல்ல வேண்டும்.

வடிவமைப்பாளர்கள் எச்சரிக்கை வாசகத்தைத் தேர்ந்தெடுத்து, தடித்த எழுத்தாக்கி, சிவப்பு கொடுப்போம். கண் உடனே ஏற்றுக்கொள்ளும். ஆனால் அந்த அறிவிப்பை யாரோ ஜெராக்ஸ் எடுத்து ஒட்டினால் சிவப்பு சாம்பலாகிவிடும். வாட்ஸ்அப்பில் நகலெடுத்து ஒட்டினால் நிறமும் தடிமனும் இரண்டும் போய்விடும். ஒலிபெருக்கியில் படிக்கிறவருக்குச் சிவப்பைப் படிக்கத் தெரியாது. எனவே மூலக் கோப்பில் நிறமே இருக்கக் கூடாது. 'இது எச்சரிக்கை' என்ற குறி மட்டும் இருக்க வேண்டும். அச்சில் அதற்குக் கறுப்புக் கட்டம், இணையத்தில் சிவப்புப் பட்டை, ஒலிபெருக்கி வாசகத்தில் தொடக்கத்திலேயே 'எச்சரிக்கை' என்ற சொல் என்று அந்தந்த வழி தன் வசதிப்படி முடிவு செய்துகொள்ளும்.

இது புதிய யோசனையும் அல்ல. 1969-இல் ஐபிஎம் நிறுவனத்தில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி என்ற மூவர் சட்ட அலுவலக ஆவணங்களுக்காக ஜிஎம்எல் என்ற குறியீட்டு மொழியை உருவாக்கினார்கள். மூவர் பெயரின் முதல் எழுத்துகளே மொழியின் பெயராயின. கோல்ட்ஃபார்ப் வழக்கறிஞர் என்பது எனக்குப் பிடித்த உபரித் தகவல். அது 1986-இல் எஸ்ஜிஎம்எல் என்ற பன்னாட்டுத் தரமாக வளர்ந்தது. அதன் எளிய வடிவமான எக்ஸ்எம்எல் 1998 பிப்ரவரியில் வந்தது. தொழில்நுட்பக் கையேடுகளுக்கென்றே டாக்புக், டிட்டா என்று ஆயத்தக் குறித்தொகுதிகள் இருக்கின்றன. இரண்டுமே நல்லவை. ஆனால் நூற்றுக்கணக்கான குறிகள் கொண்ட தொகுதியை ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் நீட்டி 'இதில் எழுதுங்கள்' என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. ஒரு கைக்குள் அடங்கும் குறிகளை நாங்களே வகுத்துக்கொண்டோம்.

குறிகளின் பெயரைத் தமிழிலேயே வைத்தோம். எக்ஸ்எம்எல்லில் குறிப்பெயர் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யூனிகோடு தமிழ் எழுத்துகளைத் தரமே அனுமதிக்கிறது. தடைக்காலத்துக்கான பகுதி இப்படி இருக்கும்:

<தடைக்காலம் படகு="விசைப்படகு">
  <காலம் கரை="கிழக்கு" தொடக்கம்="04-15" முடிவு="06-14"/>
  <காலம் கரை="மேற்கு" தொடக்கம்="06-01" முடிவு="07-31"/>
</தடைக்காலம்>

தேதியை '06-01' என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். 'ஜூன் 1' என்று எழுதியிருந்தால் நாட்காட்டி நிரலுக்கு அது வெறும் எழுத்து. '06-01' என்றால் எந்தக் கட்டத்தில் கோடு போட வேண்டும் என்று அதற்குத் தெரியும். மனிதர்களுக்கு 'ஜூன் 1' என்று மாற்றிக் காட்டுவது எக்ஸ்எஸ்எல்டி என்ற மாற்று நிரலின் வேலை. தடை நாளை மாற்ற வேண்டி வந்தால் தொட வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

முதல் வரைவை வாசித்த மூத்த மீனவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, கிழக்கு, மேற்கு என்று போட்டிருக்கிறாயே, எந்தக் கரை எந்தக் கணக்கு என்று வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் எப்படித் தெரியும்? துறையின் பெயரைப் போடு." நியாயமான பேச்சு. கரை என்பது அரசாணையின் வகைப்பாடு. மக்களுக்குத் தெரிந்தது தங்கள் துறை. மூலத்தில் கரை அப்படியே இருந்தது. இடப்பட்டியல் என்று தனிக் கோப்பு ஒன்று வைத்து, எந்தத் துறை எந்தக் கரையைச் சேர்ந்தது என்று அதில் எழுதினோம். இப்போது முட்டத்தில் ஒட்டும் அறிவிப்பில் முட்டத்தின் தேதி மட்டும் இருக்கும். சின்னமுட்டத்தில் ஒட்டுவதில் மேற்குக் கணக்கு வராது. புத்தகத்தில் மட்டும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வடிகட்டுவதற்கு என்று யாரும் உட்கார்ந்து வெட்டி ஒட்ட வேண்டியதில்லை.

பிடித்த மீனை வள்ளத்திலேயே தரம் பிரித்து ஐஸில் வைத்தால் ஏலத்துக்கு எது, வீட்டுக் குழம்புக்கு எது, கருவாட்டுக்கு எது என்று கரையில் யோசிக்க வேண்டியதில்லை. மொத்தமாகக் குவித்துக் கொண்டுவந்தால் கரையில்தான் வேலை. எழுதும்போதே குறியிடுவதும் அதுதான்.

தமிழில் வெற்றிடம் நிரப்புவது

ஆங்கிலக் கையேடுகளில் மாறும் சொல்லுக்கு ஒரு வெற்றிடம் விட்டு, பொருளின் பெயரையோ ஊரின் பெயரையோ அதில் நிரப்பிக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் எந்த இடத்தில் வந்தாலும் உருமாறாது. முன்னால் ஓர் இடைச்சொல் வரும், அவ்வளவுதான். அதே உத்தியைத் தமிழில் செய்தால் என்ன ஆகும் என்பதை வங்கிக் குறுஞ்செய்திகளிலும் ரயில் அறிவிப்புகளிலும் நாம் அன்றாடம் அனுபவிக்கிறோம். 'முட்டம் இல்', 'குளச்சல் க்கு' என்று உருபு தனியாகத் தவித்து நிற்கும்.

முட்டம் முட்டத்தில் ஆகும், முட்டத்துக்கு ஆகும். குளச்சல் குளச்சலில், குளச்சலுக்கு. மணக்குடி மணக்குடியில், மணக்குடிக்கு. தேங்காப்பட்டணம் தேங்காப்பட்டணத்தில், தேங்காப்பட்டணத்துக்கு. பெயரின் ஈறு எப்படியோ அப்படி மாறும். 'கடைசி எழுத்து ம் என்றால் த்து சேர்' என்று நிரலில் விதி எழுதலாம் என்று சிலர் சொல்வார்கள். எழுதலாம். விதிவிலக்கு ஒவ்வொன்றாக வரும்போது அந்த விதி இலக்கணப் புத்தகமாக வளரும். எங்களுக்குத் தேவைப்பட்டதோ சில டஜன் ஊர்ப் பெயர்கள். ஆகவே இடப்பட்டியலில் ஒவ்வொரு துறைக்கும் நான்கு வடிவங்களைக் கையால் எழுதி வைத்தோம்: எழுவாய், இல், க்கு, இலிருந்து. வெற்றிடம் விட்டு எழுதிய வார்ப்பு வாக்கியம் எந்த வடிவம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளும்.

அப்போது ஒரு நல்ல செய்தியும் கிடைத்தது. வல்லினம் மிகுவதைப் பற்றிப் பயந்துகொண்டிருந்தேன். 'முட்டத்துக்குத் திரும்பவும்' என்பதில் வரும் அந்த 'த்' எங்கே இருக்க வேண்டும், ஊர்ப்பெயரிலா வாக்கியத்திலா? யோசித்தால், நான்காம் வேற்றுமை விரிந்து நிற்கும் இடத்தில் எந்த ஊராக இருந்தாலும் மிகும். ஆக 'த்' வார்ப்பு வாக்கியத்துக்குச் சொந்தம். 'முட்டத்தில் கடல் சீற்றம்' என்ற இடத்தில் எந்த ஊரானாலும் மிகாது. உருபுதான் முடிவு செய்கிறது, ஊர் அல்ல. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த விதி நிரல் எழுதும்போது கைகொடுக்கும் என்று நினைத்திருக்கவில்லை.

எண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. '14-க்குள்', '31-ஆம் தேதி' என்று ஒட்டுக்குறி போட்டால் முடிந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: தமிழில் மறுபயன்பாட்டின் அலகு சொல்லாக இருக்கக் கூடாது. முழு வாக்கியமாக இருக்கலாம், பத்தியாக இருக்கலாம், தரவாக இருக்கலாம். சொல் அளவில் ஒட்ட வேண்டிய கட்டாயம் வந்தால் உருபேற்ற வடிவங்களையும் சேர்த்துச் சேமித்து வைக்க வேண்டும். அல்லது வாக்கியத்தையே திருப்பி, 'இடம்: முட்டம்' என்று பெயர் எழுவாயாக நிற்கும்படி அமைக்க வேண்டும். அறிவிப்புப் பலகைக்கு இந்தக் கடைசி வழி அழகாகவே பொருந்தும். புத்தகத்துக்கு ஆகாது.

எழுபது குறிகளுக்குள்

குறுஞ்செய்தி வேறு வகைக் கண்டிப்புக்காரர். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழ் யூனிகோடில் 70 குறி; இங்கே குறி என்பது கணினி எண்ணும் எழுத்துத் துண்டு. அதைத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டு ஒவ்வொன்றிலும் 67 குறிதான் மிஞ்சும், ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம். அந்த எழுபதும் நாம் எண்ணும் எழுத்து அல்ல. 'மீனவர்' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ஆறு: ம, அதன் மேல் ஈகாரக் குறி, ன, வ, ர, அதன் மேல் புள்ளி. மெய்யெழுத்து அதிகம் வரும் சொற்கள் குறிகளை விழுங்கிவிடும்.

புத்தகத்துக்கு எழுதிய பத்தியின் முதல் 70 குறியை வெட்டி அனுப்பினால் போதும் என்று முதலில் ஓர் யோசனை வந்தது. வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். தமிழில் வினை கடைசியில் வரும். 'கடலுக்குச் செல்ல' என்பதோடு செய்தி அறுந்தால் செல்லலாமா, செல்ல வேண்டாமா? வெட்டுவதற்கு இடமில்லாத மொழி இது. ஆகவே ஒவ்வோர் எச்சரிக்கைக்குள்ளும் சுருக்கம் என்ற தனிக்குறி வைத்தோம். அது 70-ஐத் தாண்டினால் சரிபார்ப்பு நிரல் கோப்பையே ஏற்காது. கள்ளக்கடலுக்கு எழுதியது இது:

கள்ளக்கடல் எச்சரிக்கை: கடலுக்குள் இறங்க வேண்டாம். உதவி 1093

எண்ணிப் பாருங்கள், 59 குறி. 1093 கடலோரக் காவல்துறை எண். கடலில் சிக்கியவர்களுக்கான இந்தியக் கடலோரக் காவல்படை எண் 1554. இரண்டும் தொடர்பு எண்கள் என்ற கோப்பில் ஒரே ஓர் இடத்தில் இருக்கின்றன. சுருக்கமும் புத்தகத்தின் பின்னட்டையும் அங்கிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன.

கள்ளக்கடல் என்பது தெரியாதவர்களுக்கு: இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ வீசிய புயலின் அலை, இங்கே காற்றோ மழையோ எதுவும் இல்லாத தெளிந்த நாளில், திருடன்போல வந்து கரையில் ஏறும். மீனவர் வழங்கிய இந்தப் பெயரையே 2012-இல் யுனெஸ்கோ அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இதற்கு முன்னறிவிப்பு தருகிறது.

மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டுமென்றால் வார்ப்பு வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஆணைய விதி. மாறும் பகுதிகளை மட்டும் காலியாக விடலாம். மேலே சொன்ன உருபுச் சிக்கலைத் தீர்க்காமல் வார்ப்பைப் பதிவு செய்துவிட்டால், பிறகு திருத்துவதற்கு மறுபடி பதிவு, மறுபடி காத்திருப்பு. இடப்பட்டியலை முதலில் முடியுங்கள்.

ஒலிபெருக்கியும் அதன் நியாயமும்

எங்கள் கரையில் அவசரச் செய்தி போய்ச் சேரும் மிக வேகமான வழி இன்னமும் கோவில் (தேவாலய) ஒலிபெருக்கிதான். உபதேசியாரோ பங்குப் பேரவையில் ஒருவரோ தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பார். காற்றில் பாதி வார்த்தை பறந்துவிடும். கேட்கிறவர் வலை பின்னிக்கொண்டோ மீன் வெட்டிக்கொண்டோ இருப்பார். பத்தியை இரண்டாம் முறை பார்த்துக்கொள்ளும் வசதி காதுக்குக் கிடையாது.

அலை முன்னறிவிப்பின் மூல வாசகத்தில் '23.30 மணி வரை' என்று வரும். அதைப் பார்த்ததும் ஒருவர் 'இருபத்து மூன்று முப்பது' என்று வாசித்தார். பிழை அவருடையது அல்ல; தாளில் இருந்தது அதுதான். வாசிப்புப் பிரதிக்கு நேரத்தை 'இன்று இரவு பதினொன்றரை மணி வரை' என்று எழுதித் தர வேண்டும். தொலைபேசி எண்ணை இலக்கம் இலக்கமாகப் பிரித்து, 'ஒன்று, பூஜ்யம், ஒன்பது, மூன்று' என்று எழுத வேண்டும். நேரம், எண் இரண்டும் மூலத்தில் குறியிடப்பட்டிருந்ததால் இந்த மாற்றத்தை நிரலே செய்தது. குறியில்லாமல் வெறும் எழுத்தாக இருந்திருந்தால் 1093 தொலைபேசி எண்ணா, ரூபாயா, ஆண்டா என்று எதற்குத் தெரியும்?

ஆனால் வாக்கியங்களை நிரலால் மாற்ற முடியாது. புத்தகத்தில் நன்றாக ஓடும் மூன்று வரி வாக்கியம் ஒலிபெருக்கியில் சாகும். ஆகவே முக்கியமான ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் ஒலி என்ற தனிக்குறியில், வாய்க்கு ஏற்ற சின்ன வாக்கியங்களைத் தனியாகவே எழுதினோம். ஒரே மூலம் என்றால் ஒரே வாக்கியம் எல்லா இடத்திலும் என்று பொருள் கொள்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். தேதியும் எண்ணும் இடமும் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும். அவற்றைச் சொல்லும் வாக்கியம் அந்தந்த வழிக்கு வேறாக இருக்கலாம். பல நேரங்களில் வேறாகத்தான் இருக்க வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் உறவுகளைப் பறிகொடுத்த ஊர்கள் இவை. இங்கே எச்சரிக்கையை இயந்திரத்தனமான தமிழில் வாசிக்கக் கொடுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

எச்சரிக்கைக்கென்றே உலக அளவில் பொது எச்சரிக்கை நெறிமுறை என்ற எக்ஸ்எம்எல் தரம் உண்டு. சுருக்கமாகக் காப் என்பார்கள். இப்போது புழக்கத்தில் உள்ள 1.2 பதிப்பு 2010-இல் வந்தது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் எச்சரிக்கைத் தளம் இதன் அடிப்படையில்தான் இயங்குகிறது. அவசரம் எவ்வளவு, கடுமை எவ்வளவு, உறுதி எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்கிறது அது. மூன்றும் வேறுவேறு என்பதே பலருக்கு உறைப்பதில்லை: உறுதியாக வரப்போகிற சின்ன அலையும், வந்தாலும் வரலாம் என்ற பெரும்புயலும் ஒன்றல்ல. நாங்கள் அதிலிருந்து கடன் வாங்கியதில் அதிகம் பயன்பட்டது காலாவதி என்ற குறி. ஒவ்வோர் எச்சரிக்கையும் எப்போது செத்துப்போகும் என்று பிறக்கும்போதே எழுதிவிட வேண்டும். இணையத்தில் அந்த நேரம் கடந்ததும் அறிவிப்பு தானே மறையும். வாட்ஸ்அப்புக்குப் போகும் வாசகத்தில் கடைசி வரியாகத் தேதியும் மணியும் நிற்கும். தேதியில்லாத புயல் செய்தி வருடக்கணக்கில் சுற்றிச் சுற்றி வந்து மக்களைப் பதற வைப்பதை எல்லோரும் பார்த்திருப்போம்.

மனிதர்கள் பக்கம்

மென்பொருள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோப்பு வெறும் யூனிகோடு எழுத்து; எந்த எடிட்டரிலும் திறக்கும். ஈபப் மின்னூலைப் பெயர் மாற்றிப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது சுருக்கிக் கட்டிய எக்ஸ்ஹெச்டிஎம்எல் இணையப் பக்கங்கள்தான் என்பதால் இணையப் பக்கத்துக்கு எழுதிய நிரலே சிறு மாற்றத்தோடு மின்னூலுக்கும் உதவியது. எல்லாமே இலவச மென்பொருள்.

எழுதித் தந்தவர்கள் யாரும் எக்ஸ்எம்எல்லைத் தொடவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் வேர்டில் எழுதினார். அதில் 'எச்சரிக்கை', 'செய்முறை', 'சுருக்கம்', 'ஒலி' என்று பெயரிட்ட ஸ்டைல்களைச் செய்து கொடுத்தேன். "எழுத்தைப் பெரிதாக்க வேண்டாம், நிறம் போட வேண்டாம், இந்தப் பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும் சார்" என்றேன். வேர்டு கோப்பும் உள்ளுக்குள் எக்ஸ்எம்எல்தான் என்பதால் ஸ்டைல் பெயரைக் குறியாக மாற்றுவது கடினம் இல்லை. முதல் வாரம் அவர் வழக்கப்படி நடுவில் இடைவெளி தட்டித் தலைப்பை மையத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். பிறகு ஒருநாள் தானே அழைத்து, "தம்பி, 'காரணம்' என்று ஒரு ஸ்டைல் வேண்டும். ஏன் உயிர்க்காப்புச் சட்டை போட வேண்டும் என்று நான் எழுதுவது எச்சரிக்கையும் இல்லை, செய்முறையும் இல்லை" என்றார். அன்றைக்கு இந்த வேலை நடந்துவிடும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. எழுதுகிறவர் தன் பத்தி என்ன வேலை செய்கிறது என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

எழுதுகிறவர்களிடம் விடச் சொல்ல வேண்டிய பழக்கங்களில் முதன்மையானது 'மேலே உள்ள படத்தில்', 'அடுத்த பக்கத்தில்', 'கீழ்க்கண்டவாறு' என்பவை. கைப்பேசித் திரையில் மேலே என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? படத்துக்கு ஓர் அடையாளப் பெயர் கொடுத்து 'காண்க' என்ற குறியால் அதைச் சுட்ட வேண்டும். அச்சில் அது 'பக்கம் 14' என்று மாறும். இணையத்தில் இணைப்பாகும். ஒலிபெருக்கிப் பிரதியில் காணாமலே போகும்.

அச்சகத்தில் வேறு கதை. அங்கிருந்த பழைய வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். அவர்களுக்குப் பழைய எழுத்துருக் குறியாக்கம்தான் வேண்டும். தமிழ் அச்சுத் தொழிலில் இன்னும் பல இடங்களில் இதுதான் நிலைமை. அவர்களோடு சண்டை போட்டுப் பயனில்லை. மூலத்தை யூனிகோடில் வைத்துக்கொண்டு, அச்சகத்துக்குப் போகும் வெளியீட்டை மட்டும் கடைசிப் படியில் பழைய குறியாக்கத்துக்கு மாற்றினோம். மூலத்தையே பழைய எழுத்துருவில் வைத்திருந்தால் இணையமும் குறுஞ்செய்தியும் அன்றோடு முடிந்தன.

இந்த ஏற்பாட்டைக் கொல்லக்கூடியது ஒன்று உண்டு. மெய்ப்புத் திருத்தம். அச்சுக்குப் போகும் முந்தைய இரவு அச்சகத்தில் உட்கார்ந்து, 'இந்த ஒரு எழுத்துதானே' என்று வடிவமைத்த பக்கத்திலேயே திருத்திவிடுவார்கள். அந்த நொடியிலிருந்து புத்தகம் ஒன்று சொல்லும், மூலம் வேறொன்று சொல்லும். அடுத்த பதிப்பில் திருத்திய பிழை உயிர்த்தெழும். இதற்கு நாங்கள் கண்ட வழி: மெய்ப்புப் படியில் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அதன் அடையாளப் பெயரைப் பொடி எழுத்தில் அச்சிட்டோம். திருத்துகிறவர் பேனாவால் வட்டமிட்டால் போதும்; மூலத்தில் அந்தப் பத்தியை நொடியில் கண்டுபிடித்து மாற்றி, பக்கத்தை மறுபடி உருவாக்கலாம். காற்புள்ளிதான் என்றாலும் மூலத்துக்குத் திரும்பித்தான் வர வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அச்சகத்துக்காரருக்கு என் மேல் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

எல்லாவற்றுக்கும் இது தேவையா என்றால் தேவையில்லை. திருமண அழைப்பிதழுக்கும் திருவிழா மலருக்கும் இவ்வளவு பாடு வேண்டாம். ஒரு முறை அச்சாகி முடிந்துவிடும் பொருளுக்குக் குறியிடுவது வீண் வேலை. தகவல் ஆண்டுதோறும் மாறும், பல வழியில் வெளியாகும், தவறினால் யாருக்கோ நட்டம் வரும் என்ற மூன்றில் இரண்டேனும் பொருந்தினால் செய்யுங்கள்.

இப்போது எங்கள் கையில் இருப்பது மூன்றாவது வரி. தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் படகுகள் பல கொச்சியைத் தளமாக வைத்துத் தொழில் செய்கின்றன. கேரளத்தில் இழுவைமடித் தடை 52 நாள்: ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை. தடைக்காலக் குறிக்குள் கேரளத்துக்கு ஒரு வரி சேர்த்தாயிற்று. அந்தப் படகுகளில் மலையாளம் மட்டும் வாசிப்பவர்களும் இருப்பதால் அறிவிப்பை இரு மொழியிலும் தர வேண்டும். கொச்சிக்கும் முனம்பத்துக்கும் மலையாள உருபேற்ற வடிவங்களை எழுதித் தர, களியிக்காவிளைப் பக்கத்து ஆசிரியை ஒருவரிடம் இடப்பட்டியலைக் கொடுத்திருக்கிறோம். அடுத்த தடைக்காலத்துக்கு முன் வந்துவிட்டால் நாட்காட்டியிலேயே சேர்த்துவிடலாம்.